ஓட்டை வண்டியில் வந்த வியாபாரத் தூதர்கள்

காயலான் கடைக்குப் போக வேண்டிய காரை வாங்கு. ரோடே இல்லாத ஊருக்கு ஓட்டிக்கொண்டு போ. வண்டி படுத்ததும் கேமராவைப் பார்த்துப் புலம்பு. இதையே தொழிலாக வைத்து உலகப் புகழ் அடைந்தவர்கள் மூன்று பேர்: பிபிசியின் 'டாப் கியர்' கார் நிகழ்ச்சிப் புகழ் ஜெரமி கிளார்க்சன், ஜேம்ஸ் மே, ரிச்சர்ட் ஹாமண்ட். வேலூரை ஒட்டிய கணியம்பாடிப் பக்கம் இதே வேலையைக் கேமரா இல்லாமல் செய்துகொண்டிருந்தவர்களுக்கு டாக்ஸி டிரைவர் என்று பெயர். அவர்களிடம் அப்புறம் வருகிறேன்.

2007-ல் மூவரும் போட்ஸ்வானா போனார்கள். தலைக்கு 1,500 பவுண்டுக்குள் ஒரு பழைய கார். உப்புப் பாலைவனத்தில் சக்கரம் புதையாமல் இருக்க வேண்டுமே என்று கிளார்க்சனும் மேயும் கையில் அகப்பட்டதையெல்லாம் கழற்றி வீசினார்கள். ஹாமண்ட் மட்டும் தன் 1963 ஓப்பல் கேடட்டின் மேல் கை வைக்க மறுத்துவிட்டார். அதற்கு 'ஆலிவர்' என்று பெயர் வேறு சூட்டியாயிற்றே, பெற்ற பிள்ளையை யாராவது கழற்றுவார்களா? அப்புறம் அந்தப் பிள்ளையை ஆற்றில் முக்கினார் என்பது வேறு விஷயம்.

2011 டிசம்பரில் ஒளிபரப்பானது நம் இந்தியப் படலம். அதற்கு முந்தைய ஆண்டு அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் கேமரன் பெரிய பட்டாளத்தோடு வந்து இந்தியாவில் வியாபாரம் பேசிவிட்டுப் போயிருந்தார். நாங்கள் மட்டும் சளைத்தவர்களா என்று இந்த மூவரும் பிரிட்டிஷ் சரக்கு விற்கக் கிளம்பிவிட்டார்கள். கிளார்க்சனுக்கு ஜாகுவார், மேக்கு ரோல்ஸ்ராய்ஸ், ஹாமண்டுக்கு மினி. பிரிட்டனின் பெருமையை இதைவிட யாரால் பறைசாற்ற முடியும்?

இங்கேதான் ஒரு சின்னச் சிக்கல். ஜாகுவார் கம்பெனியை 2008-லேயே டாடா வாங்கிப் போட்டிருந்தது. ரோல்ஸ்ராய்ஸ் காரும் மினியும் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ வசம். ஆக, இந்தியாவின் காரையும் ஜெர்மனியின் கார்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு, இந்தியாவுக்கே பிரிட்டனை விற்க வந்தார்கள்!

சரி, குனிந்து காலையாவது பார்த்தார்களா? லண்டன் கடைகளில் பளபளக்கும் ஷூக்களில் எத்தனையோ ஜோடிகள் ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்துத் தோலில், நம்மூர்ப் பெண்கள் தைத்தவை. ஆனால் மும்பை, ஜெய்ப்பூர், டெல்லி, சிம்லா என்று சுற்றியவர்கள் நம் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லை. வந்திருந்தால் போட்டிருந்த ஷூவையே அவர்களுக்கு மறுபடி விற்றிருப்போம்.

சரக்கு விற்க மூவரும் ரயில் பெட்டிகளின் வெளிப்புறம் நீளமாக விளம்பர பேனர் கட்டினார்கள். பெட்டிகள் பிரிந்தபோது பேனரும் கிழிந்து, மிஞ்சிய எழுத்துகள் குடும்பப் பத்திரிகையில் அச்சிட முடியாத வாசகமாயின. தற்செயலாம். நம்புவோம். ஜாகுவாரின் டிக்கியில் டாய்லெட் பொருத்தி வலம் வந்ததைத்தான் நம் தூதரகத்தால் தாங்க முடியவில்லை. பிபிசிக்குக் காட்டமாக ஒரு கடிதம் போனது. டாடாவும் ஒன்று போட்டிருக்கலாம். வண்டி அவர்கள் பிராண்ட் அல்லவா?

இப்போது நம் டிரைவர் அண்ணன்கள். அவர்கள் கையிலிருந்த அம்பாசிடரும் பிரிட்டிஷ் வாரிசுதான். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3 என்ற காரை அதன் சொந்த ஊரிலேயே சில வருடங்களில் கைகழுவிவிட்டார்கள். இங்கே அதை அரை நூற்றாண்டுக்கு மேல் செய்துகொண்டிருந்தோம். பின் சீட்டில் பிரசவ வலியோடு ஒரு பெண், அவள் அம்மா, மாமியார், தலையணை, ஃபிளாஸ்க். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் வெயிலில் பெட்ரோல் பம்ப் சூடாகி வண்டி இருமும். அண்ணன் நிதானமாக இறங்கி, பானெட்டைத் தூக்கி, பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றி, பீடி ஒன்றைப் பற்றவைப்பார். பின்னாலேயே வர மெக்கானிக் வேன் கிடையாது. மாமியாரின் வர்ணனை உண்டு. அதற்கு பிபிசி பரவாயில்லை.

இந்த உழைப்பையும் 'டாப் கியர்' ஒருவழியாக ஒப்புக்கொண்டது. 2013-ல் பல நாட்டு டாக்ஸிகளை மோதவிட்டு, உலகிலேயே சிறந்த டாக்ஸி அம்பாசிடர்தான் என்று மகுடம் சூட்டினார்கள். என்ன கைராசியோ, அடுத்த மே மாதமே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தன் உத்தர்பாரா ஆலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. 2017-ல் அம்பாசிடர் என்ற பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு போனது பெஜோ. பிரெஞ்சுக் கம்பெனி.