கர்ச்சீப் போட்டவன் சீட்டு

தாம்பரத்தில் எம்.சி.சி. என்றால் புள்ளிமான் மேயும் காலேஜ். 1937-ல் ஜார்ஜ் டவுனைக் காலி பண்ணிக்கொண்டு வந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரி. கிரிக்கெட்டுக்குச் சட்டம் எழுதும் எம்.சி.சி. வேறு. அது லண்டனில், மான் இல்லாமல் இருக்கிறது.

லண்டன்காரர்களை ரொம்ப நாள் படுத்திய கேள்வி இது: பவுலர் பந்து போடும் முன்பே, அவர் பக்கத்து முனையில் நிற்கும் பேட்ஸ்மேன் கோட்டைத் தாண்டி நழுவினால், நழுவுகிறவன் குற்றவாளியா, அவனைப் பிடித்தவனா?

1947 டிசம்பர், சிட்னி டெஸ்ட். ஆஸ்திரேலியாவின் பில் பிரவுன் நழுவுகிறார். நம்ம பவுலர் வினு மன்கட் பந்தைப் போடாமல் பெயிலைத் தட்டுகிறார். முந்தின மாதமும் அதே மைதானத்தில் அதே ஆளை, எச்சரித்த பிறகு, இப்படியே அவுட்டாக்கியிருந்தார். நியாயமாக இதற்குப் பிரவுன் பேரைத்தானே வைக்கணும்? வைத்ததோ ‘மன்கடிங்’! பீரோவில் கை வைத்தவனை விட்டுவிட்டு, லைட்டைப் போட்ட வீட்டுக்காரர் மேல் எஃப்.ஐ.ஆர். எதிரணி கேப்டன் பிராட்மேனே மன்கட்டுக்குப் பரிந்து எழுதியும் பேர் போகவில்லை.

2019 மார்ச், ஜெய்ப்பூர். நம்ம மாம்பலம் அஸ்வின் அதையே ஜோஸ் பட்லருக்குச் செய்தார். ஒரே ராத்திரியில் உலகமே தர்மர் ஆகிவிட்டது. 2022 அக்டோபரில்தான் லண்டன் எம்.சி.சி. இந்த விதியை ‘முறையற்ற ஆட்டம்’ பகுதியிலிருந்து தூக்கி, சாதாரண ரன் அவுட்டோடு சேர்த்தது. மன்கட் போய் 44 வருஷம் ஆகியிருந்தது.

அமெரிக்காக்காரனுக்கு இந்தக் கூச்சமே கிடையாது. பேஸ்பாலில் அடுத்த பேஸுக்கு நைசாக ஓடுவதற்குப் பேரே திருட்டு! பேஸை விட்டு நாலு எட்டு தள்ளி, முழங்காலை மடக்கி, பந்து எறியும் பிட்சரின் குதிகாலையே பார்த்துக்கொண்டு நிற்பான். குதிகால் அசைந்ததா, 90 அடி தூரத்துக்கு ஒரே ஓட்டம். பிட்சர் சட்டென்று திரும்பி எறிந்து அவனை அவுட்டாக்கினால் யாரும் பண்பாடு பேசுவதில்லை.

இந்தத் தொழிலின் சக்கரவர்த்தி ரிக்கி ஹெண்டர்சன். 1982-ல் 130 பேஸ் திருடினார், நவீன காலச் சாதனை. அதே வருஷம் 42 தடவை மாட்டினார். அதுவும் சாதனைதான்!

1991 மே 1 அன்று 939-வது திருட்டு. பழைய சாதனையாளர் லூ பிராக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, எக்காலத்துக்கும் நான்தான் பெரிய ஆள் என்று மைக்கில் அறிவித்தார். அன்று ராத்திரியே டெக்சஸில் 44 வயது பிட்சர் நோலன் ரயன், எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஏழாவது தடவையாக ஜெயித்தார். திருடன் வீட்டிலேயே திருட்டு.

ஆனால் ஹெண்டர்சன் மண்டைக்காரர். ஒரு விமானம் தடாலென்று இறங்கியது, இன்னொன்று பூப்போல இறங்கியது. பைலட்டிடமே போய்க் காரணம் கேட்டார். தரைக்குக் கிட்டே தாழ்ந்து வரணும் என்று தெரிந்ததும், மேலேயிருந்து தொப்பென்று விழுவதை விட்டு, தாழப் பாய்ந்து பேஸுக்குச் சறுக்கினார்.

திரிசூலம் பிளாட்பாரத்தில் நாமும்தான் தினம் நிற்கிறோம். எதிரே மீனம்பாக்கத்தில் இறங்காத விமானமா? ஒருத்தராவது பேஸ் திருடக் கற்றோமா?

அவசரப்பட்டுச் சொல்லக்கூடாது. தாம்பரத்தில் பீச் லோக்கல் நிற்கும் முன்பே, ஜன்னல் கம்பி வழியாக ஒரு கர்ச்சீப் பறந்து போய் சீட்டில் உட்காரும். ஆள் வருவதற்குள் வேறொருத்தர் அதை எடுத்து, நாலாக மடித்து, “இந்தாங்க சார், உங்களுது” என்று நீட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

பெட்டி மொத்தமும் அவரைத்தான் முறைக்கும்.