மாங்குளத்துச் சிலந்தி

கேள்வி: முகட்டுச் சிலந்தி போதாதென்று காட்டுச் சருகைக் கிளறிப் புதுச் சிலந்தி தேடுகிறார்களாமே?
– வாசகர், கண்டாவளை

பதில்: தேடுவது சுலபம், புதிதென்று நிரூபிப்பதுதான் பாடு. சருகை அரித்தால் விழுவது இரண்டு மில்லிமீற்றர் சீவன். நிறத்தை நம்பக்கூடாது. நுண்நோக்கியில் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்து, அருங்காட்சியக மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். கல்யாணத் தரகர்கூட இவ்வளவு விசாரிக்கமாட்டார்!

உங்கள் வன்னிச் சிலந்தியைப் பார்க்க நுண்நோக்கி வேண்டாம். காலை விரித்தால் 20 சென்ரிமீற்றர். 2009இல் ஊரவர் ஒருவர் செத்த ஆண் சிலந்தியொன்றைக் கொடுக்க, ஆய்வாளர் ரணில் நாணயக்கார குழுவினர் தேடத் தொடங்கினார்கள். 2013இல் அந்தச் சிலந்தி உலகச் செய்தியானது. தேடலுக்கு உதவிய பொலிஸ் அதிகாரி ராஜகுமாரைக் கௌரவித்து, 'பொயசிலோதீரியா ராஜேய்' என்று பெயர். மரப்பொந்துவாசியான அது மாங்குளம் வைத்தியசாலையின் பழைய வைத்தியர் விடுதியிலும் அகப்பட்டது. வாடகை கட்டியதா என்று பொலிஸைத்தான் கேட்கவேண்டும்.