தொண்ணூத்தாறு அண்ணன்

எங்கள் பக்கத்தில் கடல் கிடையாது. மேட்டூரில் தேங்கி நிற்கும் காவிரியைப் பார்த்து, கடல் இப்படித்தான் இருக்கும் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனாலும் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் எந்தப் பெரிய கல்வி வளாகத்துக்குள் நுழைந்தாலும், பர்ச்சேஸ் செக்‌ஷன் மூலையில் சென்னைத் துறைமுகத்தையே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். வெளிநாட்டிலிருந்து வரும் கருவிகளைக் கஸ்டம்ஸிலிருந்து மீட்டுக் கொண்டுவருவது அவர் வேலை. எனக்கு வாய்த்தவரைச் சொல்கிறேன். மற்றவர்களும் ஏறக்குறைய அதே அச்சுதான்.

அவரைத் 'தொண்ணூத்தாறு அண்ணன்' என்போம். 96-இல் வேலைக்குச் சேர்ந்தவர் போல என்று புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். அதில்லை. ஆராய்ச்சி நிறுவனங்கள் தருவிக்கும் கருவிகளுக்குச் சுங்க வரியில் சலுகை கொடுத்து 1996 ஜூலையில் மத்திய அரசின் அறிவிக்கை ஒன்று வந்தது. எண் 51/96. அதன் நிபந்தனைகளை அண்ணன் ஒரே மூச்சில் சொல்வார். டெல்லியில் டி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறை) பதிவு இருக்க வேண்டும். பொருள் ஆராய்ச்சிக்கு மட்டுமே என்று நிறுவனத் தலைவர் சான்று தர வேண்டும். கருவியை நிறுவிய நாளிலிருந்து ஐந்து வருடத்துக்கு விற்கவோ கைமாற்றவோ கூடாது. நடுவில் யாராவது குறுக்கிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

அந்த 'மட்டுமே' அவருக்கு ரொம்பப் பிடித்த சொல்.

"ஏனுங் சார், இந்த மிசினுல பசங்களுக்கு பிராக்டிகல் நடத்துவீங்களா?"

"நடத்துவனுங்க அண்ணா."

"நடத்த மாட்டீங்க."

"ஏனுங்க?"

"'மட்டும்'னு இருக்குதுங்களே."

உலகத்துச் சாமான் அத்தனையையும் சுங்க அட்டவணை எண்களில் அடக்கி வைத்திருக்கிறது. அண்ணனும் எங்களை அப்படித்தான் அடக்கி வைத்திருந்தார். வேதியியல்காரர் வந்தால் 9027, நுண்ணோக்கிக்காரர் வந்தால் 9011. நான் 8421, சென்ட்ரிபியூஜ். அதே தலைப்பின் கீழ் பாலில் கிரீம் பிரிக்கும் இயந்திரமும் துணி உலர்த்தியும் வரும். "அப்ப உங்க மிசினு பால் சொசைட்டி மிசினுக்குப் பங்காளிதானுங்க" என்றார். பி.எச்டி. முடியும்வரை அதைச் சுற்றவிட்டுக்கொண்டிருந்த எனக்கு, அதைவிடத் தெளிவான விளக்கம் இன்றுவரை அகப்படவில்லை.

2022 ஜூலை 18 அவர் வாழ்வில் ஒரு துக்க நாள். இந்த மாதிரி இறக்குமதிக்கு 5 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. அன்று முதல் 18. ஒரு கோடி ரூபாய்க் கருவிக்குப் பதிமூன்று லட்சத்துக்கு மேல் கூடுதல். பேராசிரியர்கள் ஒவ்வொருவராக வந்து, எழவு வீட்டில் உட்காருவதுபோல் எதிரே உட்கார்ந்து, பேசாமல் எழுந்து போனார்கள். அண்ணன் எல்லோருக்கும் டீ சொன்னார்.

சரக்கு வந்து இறங்கினால் ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவோடு இரவாகச் சென்னைக்குக் கிளம்புவார். ரெக்சின் பையில் ஏர்வே பில், இன்வாய்ஸ், சான்றிதழ் எல்லாம் மும்மூன்று செட். மேலாக, கஸ்டம்ஸ் ஏஜென்ட் பையனுக்கு ஒரு பொட்டலம் தட்டுவடை. ஏஜென்டை அவர் இன்னும் 'சி.எச்.ஏ.' என்றுதான் சொல்வார். 2013 விதிகளிலேயே 'கஸ்டம்ஸ் புரோக்கர்' என்று பெயரை மாற்றிவிட்டார்களே என்றால், "புரோக்கருன்னா நம்மூருல மாட்டுச் சந்தைதானுங்க ஞாபகம் வருது" என்பார்.

டெமரேஜ் என்ற சொல்லைக் குரலைத் தாழ்த்தித்தான் உச்சரிப்பார். சுங்கத்துக்குத் தரும் பில் ஆஃப் என்ட்ரி பிந்தினால் முதல் மூன்று நாள், நாளுக்கு 5,000 ரூபாய், அப்புறம் 10,000. டெமரேஜ் என்பது கிடங்கு வாடகை; அது தனி. இவ்வளவு தெரிந்தவர் இருந்தும் ஏன் பிந்துகிறது? ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து மீனம்பாக்கத்துக்குப் பெட்டி ஒரே ராத்திரியில் வந்துவிடும். எங்கள் கட்டடத்துக்குள் மூன்று மேசை தாண்டக் கோப்புக்கு ஒன்பது நாள். அண்ணனைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த மூன்றில் ஒரு மேசைதான் அவருடையது. (அதில் எத்தனை நாள் என்று நான் கேட்டதில்லை. அடுத்த பெட்டிக்கும் அவர் வேண்டும்.)

ஒரு பொங்கலுக்கு என் என்சைம்கள் மீனம்பாக்கத்தில் மாட்டிக்கொண்டன. மைனஸ் 20 டிகிரியில் வைக்க வேண்டியவை. காணும் பொங்கலும் கழிந்து தெர்மக்கோல் பெட்டி வந்து சேர்ந்தபோது, உள்ளே டிரை ஐஸ் இருந்த இடம் மட்டும் இருந்தது. அண்ணன் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"சில்லுன்னுதானுங்க இருக்குது."

நான் பேசவில்லை.

"நாமக்கல் முட்டையே அரபு நாடு வரைக்கும் போயி முழுசா இறங்குது. இந்த ஒரு சிட்டிகை மருந்துக்கு இத்தன சீராட்டா?"

பெரிய கருவி வந்த நாளையும் சொல்ல வேண்டும். மரப்பெட்டியின் நான்கு பக்கமும் ஒயின் கிளாஸ் படம்; உடையும் பொருள், பார்த்து இறக்கு என்பதற்கான அடையாளம். லாரியை விட்டு இறங்கிய சுமைக்காரர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "சரக்குங்களாண்ணா?" என்றார். "ஆமாம்பா, சரக்குதான்" என்றார் அண்ணன், முகம் மாறாமல். அன்றைக்கு அந்தப் பெட்டியை இறக்கிய பக்குவத்தில் எங்கள் ஊரில் வேறெதையும் யாரும் இறக்கிப் பார்த்ததில்லை.

ஆறு மாதம் கழித்து, ராசிபுரம் பக்கம் அவர் வீட்டில் காதுகுத்து. கை கழுவப் பின்பக்கம் போனேன். புதுக் கோழிக்கூண்டு. வெளிறிய பைன் பலகையில் கருகிய முத்திரை ஒன்று: கோதுமைக் கதிர், பக்கத்தில் ஜெர்மனிக்கான இரண்டு எழுத்து, பூச்சியைக் கொல்லச் சூடேற்றிய மரம் என்பதற்கு இன்னும் இரண்டு. உள்ளே நாட்டுக்கோழி ஒன்று அடை காத்துக்கொண்டிருந்தது.

பின்னாலேயே துண்டோடு வந்த அண்ணன், நான் நிற்கிற இடத்தைப் பார்த்தார்.

"ஜெர்மனிக்காரன் வேக வெச்ச பலகைங்க. கரையான் ஏறாது."

"அஞ்சு வருசத்துக்குக் கைமாத்தக் கூடாதுன்னு சொல்லுவீங்களே அண்ணா?"

"அது பொருளுக்குங்க சார்" என்றார் துண்டை நீட்டியபடி. "பொட்டியப் பத்தி அதுல ஒரு வரி இல்லீங்க."