மருமவனே, மாஞ்சோலைக்காக்கும்?

வாரும் மருமவனே. சென்னையிலருந்து காரு எடுத்துக்கிட்டு மாஞ்சோலை பாக்க வந்திருக்கீராம்லா. மணிமுத்தாறு செக்போஸ்ட்டுல வனத்துறைக்காரவ பர்மிஷன் சீட்டு கேப்பாவ. வாங்கிட்டீரா? இல்லைன்னா அணையப் பாத்துட்டு, அருவியில தலைய நனைச்சிட்டுத் திரும்பிரும். இருந்தா இந்தக் கெழவன் சொல்லுததையும் காதுல போட்டுக்கிட்டுப் போவும்.

காரை இங்கனயே விட்டுட்டு அரசு பஸ்ல ஏறும். அது மூச்சு வாங்கி, வளைவுக்கு வளைவு முனகிக்கிட்டு ஏறும்போதுதான் மலை எம்புட்டு ஒசரம்னு இடுப்புக்குத் தெரியும். நானும் ஒரு காலத்துல கருவாட்டுக் கூடையோட அதுலதான் போவேன், சம்பள நாளு பாத்து. எனக்குப் பக்கத்து சீட்டு எப்பவும் காலியாத்தான் இருக்கும். அந்த மரியாதை கலெக்டருக்குக் கூட கெடையாது பாத்துக்கிடும்.

மேல போனா அட்டை கடிக்கும். அதுக்குன்னு கத்தி ஊரைக் கூட்டாதேயும். கொழுந்து பறிக்கப் போன பொம்பளையொ இடுப்புல படங்கைக் கட்டிக்கிட்டு நாள் முழுக்க அந்த அட்டைக்கு நடுவுலதான் நின்னாவ. நாலுமுக்கு, ஊத்துப் பக்கம் பெய்யுத மழை இருக்கே, தமிழ்நாட்டுலேயே ரொம்பப் பெய்யுத இடத்துல அதுவும் ஒண்ணாம். நீரு கீழ அணையில நின்னு செல்ஃபி எடுத்தீருல்லா, அந்தத் தண்ணி அவிய தலை வழியா ஒழுகி வந்த தண்ணிதான்.

மேல யாரு ஊருன்னு கேப்பீரு. அங்கதான் சங்கதி கெடக்கு. காடு சிங்கம்பட்டி ஜமீனோடது. கோர்ட்டு, கேஸுன்னு ஜமீன் கடன்பட்டுப் போச்சுன்னு எங்க பெரியாளுவ சொல்லுவாவ. 1929-ல 8,373 ஏக்கரை பாம்பே பர்மா கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டாச்சு, 99 வருஷத்துக்கு. நீரு வேளச்சேரி வீட்டுக்கு ஆள் வச்சா 11 மாசத்துக்குத்தானவே பத்திரம் எழுதுதீரு? 1952-ல ஜமீனே போயிட்டு. பத்திரம் மட்டும் போவலை. பொறவு 1988-ல புலிக்குன்னு களக்காடு முண்டந்துறை காப்பகம் வந்துது. 2018-ல காப்புக்காடுன்னு அறிவிச்சாச்சு. ஆக, ராசாவுக்கு உண்டு, கம்பெனிக்கு உண்டு, சர்க்காருக்கு உண்டு, புலிக்கும் உண்டு. காட்டை வெட்டித் தேயிலை நட்டவனுக்கு? லயன் வீடு உண்டுவே, வேலை இருக்குத வரைக்கும். நாலு தலைமுறை பொறந்து வளந்த வீட்டுல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் அது அவன் சொவரு இல்லை.

கூலி கூட்டிக் கேட்ட கதை தெரியுமா? திருநெல்வேலி கொக்கிரகுளத்துல கலெக்டர் ஆபீசு ஆத்தங்கரையிலதான் இருக்கு. 1999 ஜூலை 23 அன்னைக்கு மனு கொடுக்க ஊர்வலமாப் போனாவ. தடியடி. ஓடுததுக்கு ஆத்தை விட்டா வேற வழியில்லை. 17 பேரு போயிட்டாவ. அதுல ஒண்ணு, நடை பழகுத வயசுப் பச்சப்புள்ள. இதுல கேலி பேச எனக்கு நாக்கு எழும்பலை மருமவனே. இப்பவும் வருஷா வருஷம் அதே தேதிக்கு ஒவ்வொரு கட்சியா வந்து ஆத்துல பூவைத் தூவிட்டுப் போவாவ. யாரு முன்ன தூவுததுன்னு ஒரு நேரம் குறிச்சுக் கொடுக்கவும் போலீசுதான் நிக்கணும்.

குத்தகை 2028-லதான் முடியணும். கம்பெனிக்கு அதுக்குள்ள அலுத்துப் போச்சு. விருப்ப ஓய்வுன்னு தாளை நீட்டி, 2024 ஜூனோட வேலைய நிறுத்தியாச்சு. அரசாங்கத் தேயிலைக் கழகம் எடுத்து நடத்தட்டும்னு கோர்ட்டுக்குப் போனாவ. அந்த டிசம்பர்லயே மதுரைக் கிளை தள்ளுபடி பண்ணிட்டு. கீழ ரெட்டியார்பட்டியில அடுக்குமாடி வீடு தாரோம்னு சர்க்கார் சொல்லுது. குளிரிலேயே பொறந்தவனைக் கொண்டாந்து நம்ம நெல்லை வெயில்ல மூணாவது மாடியில வைக்காவ. இறங்கி வந்த ஒரு கெழவரைப் பாத்தேன். “எப்படி அண்ணாச்சி புது வீடு?”ன்னேன். “கொசு மட்டும் தவறாம வந்து விசாரிச்சிட்டுப் போவுது”ங்காரு.

போவும், நல்லாப் போயிட்டு வாரும். குதிரைவெட்டியில பனியைப் பாரும், காக்காச்சியில புல்வெளியைப் பாரும், வேண்டாம்னு சொல்லலை. மிச்சம் இருக்குத லயன் வாசல்ல நின்னீருன்னா கட்டன் சாயா வேணுமான்னு கேப்பாவ. குடியும். காசை நீட்டீராதேயும், கோவம் வந்திரும் அவியளுக்கு. வேணும்னா ஒண்ணு செய்யும். கருவாட்டுக் கணக்குல எனக்கு அங்க பழைய பாக்கி நெறைய நிக்கி. மாமன் எல்லாத்தையும் தள்ளுபடி பண்ணிட்டாருன்னு சொல்லிரும். கோர்ட்டு மட்டுந்தான் தள்ளுபடி பண்ணணுமாக்கும்?