பாதாளத்தில் பூப் பாடம்

கேள்வி: ஏப்ரலில் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் ஒருநாள் நடை போகிறேன். ரோஜா, மல்லிகை தவிர ஒரு பூவும் தெரியாது. காட்டுப் பூக்களை அடையாளம் காண எங்கே தொடங்க?

பதில்: நிறத்தில் தொடங்காதீர்கள், அது ஏமாற்றும். இதழை எண்ணுங்கள்; இலைகள் எதிரெதிரா, மாறி மாறியா என்று பாருங்கள். சாமந்தி மாதிரி மஞ்சளாகப் பிரிட்டில்புஷ் என்னும் புதர் சிரிக்கும். அதில் நாம் காண்பது ஒரு பூ அல்ல, ஊர்வலம்! ‘இதழ்’ என நாம் நினைக்கும் ஒவ்வொன்றும் தனிப் பூ. பெரிய வெள்ளைப் புனல் கண்டால் கும்பிடு போடுங்கள், அது நம் ஊமத்தைக்கு நெருங்கிய சொந்தம். அந்தியில் விரிந்து அந்துப்பூச்சிக்கு விருந்து வைக்கும், மனிதருக்கோ விஷம்.

அந்தப் பள்ளத்தாக்கில் வசந்தம் கீழிருந்து மேலே ஏறும். அடியில் வெப்பம் அதிகம் என்பதால் பூக்களும் அங்கேதான் முந்தும். அந்த ஆசையில் அடியில் ஓடும் ஆறு வரை இறங்கி அன்றே திரும்ப முயலாதீர்கள், பூங்கா நிர்வாகமே வேண்டாம் என்கிறது. பள்ளம் ஏறத்தாழ 1.6 கி.மீ. ஆழம்! ஏறும்போது நாலடிக்கு ஒருமுறை மூச்சு வாங்கும். நிற்குமிடத்தில் குனிந்து ஒரு செடியைப் பாருங்கள். பறிக்காதீர்கள், சட்டம் தடுக்கிறது. படம் எடுங்கள், இலையோடு சேர்த்து.