லயத்தில் இருந்தபடி இலக்கியம் படைப்பது எப்படி?

ஏற்கெனவே எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தக் கையேடு தேவைப்படாது. எழுதப் போவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டு, கொப்பியின் முதல் பக்கத்தில் தலைப்பையும் புனைபெயரையும் மட்டும் எழுதி நிறுத்தியிருப்பவர்களுக்கானது இது. இலங்கை மலையகம் என்றதும் எல்லோரும் நுவரெலியாவுக்கு ரயிலேறிவிடுவதால், அதிகம் பேர் எட்டிப் பார்க்காத சப்ரகமுவவுக்கென்றே தனியாகத் தயாரித்தோம். இறக்குவானை, பலாங்கொடை, காவத்தை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை என்று நீங்கள் எந்தப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்தாலும் பொருந்தும். நாட்காட்டிப் படங்களில் வரும் பனிமூட்டத்தை இங்கே எதிர்பார்க்காதீர்கள். றப்பர், புழுக்கம், அட்டை, மழை நான்கும் தாராளமாகக் கிடைக்கும்.

1. முதலில் ஓர் அறை

கதை எழுத வேண்டுமானால் ஒரு பெண்ணுக்குச் சொந்தமாக ஓர் அறையும் கையில் காசும் வேண்டும் என்று வெர்ஜீனியா வுல்ஃப் 1929இல் எழுதினார். வருடத்துக்கு 500 பவுண் என்பது அவர் போட்ட கணக்கு. இதில் முதல் பாதி உங்களுக்கு வெள்ளைக்காரத் துரை காலத்திலேயே கிடைத்துவிட்டது: பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா. அதற்குள் அப்பா, அம்மா, மனைவி, மூன்று பிள்ளைகள், தைப்பொங்கலுக்கு வந்து இன்னும் ஊர் திரும்பாத மச்சான் ஆகியோரும் இருக்கிறார்கள் என்பது சின்ன விஷயம்.

ஆகவே வாசல் திண்ணையான இஸ்தோப்புக்கு வாருங்கள். விறகுக் கட்டுக்கும் கொழுந்துக் கூடைக்கும் நடுவில் ஒரு ஆள் குந்த இடமிருக்கும். நாயை எழுப்பிவிட்டு உட்காருங்கள். லயத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு வசதி உண்டு. பல லயங்களில் காம்பராக்களுக்கு இடைச்சுவர் கூரைவரை போவதில்லை. அந்தப் பக்கத்துச் சண்டை, சமாதானம், சீட்டுக்காசுப் பிரச்சினை, தொலைக்காட்சி நாடகம் எல்லாமே ஒரு சொல்லும் சிந்தாமல் இந்தப் பக்கம் வந்துவிடும். உரையாடல் எழுத வரவில்லை என்று கொழும்பு எழுத்தாளர்கள் கவலைப்படட்டும். நீங்கள் காதில் விழுவதை எழுதினால் போதும். பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள். கூடவே ஆட்டையும் மாற்றுங்கள். பக்கத்துக் காம்பராக்காரர் கதையில் தன்னை அடையாளம் காணமாட்டார், தன் ஆட்டைக் கட்டாயம் காண்பார்.

2. நேரம் கண்டுபிடித்தல்

அதிகாலையில் எழுந்து எழுதுங்கள், வீடு அமைதியாக இருக்கும் என்பார்கள். சொல்கிறவர்கள் தோட்டத்தில் ஒரு இரவும் தங்காதவர்கள். நாலரைக்கே லயம் விழித்துவிடும். ரொட்டி தட்டும் சத்தம், பிள்ளையை எழுப்பும் சத்தம், காலையில் பேர் பதியும் பிரட்டுக்குப் பிந்தினால் இன்றைக்குப் பேர் விழாது என்று பெரியவர் போடும் சத்தம்.

நீங்கள் றப்பர் காட்டில் பால் வெட்டுகிறவர் என்றால் கொடுத்துவைத்தவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் விடிந்ததும் கத்தியோடு இறங்கி, இருநூற்றைம்பது முந்நூறு மரத்தை ஒரு சுற்றில் வெட்டி முடிப்பீர்கள். பால் சொட்டிச் சொட்டிச் சிரட்டை நிறைய வேண்டும். அதன் பிறகுதான் வாளியோடு மறுசுற்று. இந்த இடைவெளி உங்களுடையது. கடைசி மரத்தடியில் உட்கார்ந்து இடுப்பில் சொருகிய கொப்பியை எடுங்கள். நேற்றைய ஒட்டுப்பால் விரலில் இருந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; பிரிக்க வேண்டாம், இரண்டு பக்கம் குறைந்ததில் கதை திருந்தியிருக்கும். அட்டை முழங்காலுக்கு ஏறுவதற்குள் ஒரு பந்தியை முடித்துவிட வேண்டும் என்பதால், சுருங்கச் சொல்லும் கலையும் தானாகக் கைவரும்.

மனைவி கொழுந்து எடுக்கிறவரா? அவருக்கு இப்படியொரு இடைவெளி கிடையாது. கொழுந்து தானாக வந்து கூடையில் விழாது. இதை ஓரத்தில் குறித்து வையுங்கள்.

3. மழை நாள்

மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. பட்டை நனைந்தால் பால் வழிந்தோடும், சிரட்டைக்குள் தண்ணீர் இறங்கும். வேலை இல்லை, சம்பளமும் இல்லை, நாள் முழுக்க உங்களுடையது. பெரிய எழுத்தாளர்கள் முழுநேர எழுத்து என்று பெருமையாகச் சொல்வது இந்த நிலைமையைத்தான்.

எழுத உட்காரும் முன் ஒழுக்கைக் கவனியுங்கள். தகரத்தில் ஆணி துருப்பிடித்த இடமெல்லாம் ஒவ்வொரு ஒழுக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாத்திரம். அரிசி வாளிக்கு மேலே ஒழுகுவதற்குப் பெரிய பேசன். பிள்ளையின் புத்தகப் பைக்கு மேலே ஒழுகுவதற்கு சோற்றுச் சட்டி. கட்டில் தலைமாட்டுக்கு டின்மீன் டப்பா, அது சரியாகக் கால் மணித்தியாலத்தில் நிரம்பும். இந்த வரிசை வீட்டுக்காரிக்கு மட்டுமே மனப்பாடம். நீங்கள் உதவுகிறேன் என்று பேசனைத் தூக்கிக் கட்டிலில் வைத்துவிட்டால் இரவுக்கு ஈர அரிசிதான். "நீங்க எழுதுங்க, இத நான் பாத்துக்கிறேன்" என்று அவர் சொல்வதை இலக்கிய ஆர்வம் என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மழை நிற்கவில்லை என்றால் எழுதியதை அனுப்புவதும் நடக்காது. களு கங்கை பெருகினால் இரத்தினபுரி நகரமே படகில் போகும். 2003, 2017 இரண்டு வருடங்களின் மே மாதத்திலும் அதுதான் நடந்தது. பத்திரிகையிலிருந்து பதில் வராததற்கு இதைவிடக் கௌரவமான காரணம் கிடைக்காது.

4. கைவசம் ஒரு தொழில்

எழுத்தை நம்பி இலங்கையில் உலை வைக்க முடியாது. 'ஒரு கூடைக் கொழுந்து' தொகுதியை 1980இல் தந்த என். எஸ். எம். ராமையா கொழும்பில் இரும்புக் கடையொன்றில் கணக்கெழுதினார். 'நாமிருக்கும் நாடே' எழுதிய தெளிவத்தை ஜோசப் தனியார் கம்பனியில் கணக்குப் பார்த்தார். சாரல் நாடன் தேயிலைத் தொழிற்சாலை உத்தியோகத்தர். பகலெல்லாம் அடுத்தவன் கணக்கைச் சரிபார்த்தவர்கள்தான் இரவில் மலையக இலக்கியத்தை உண்டாக்கினார்கள். நீங்களோ வீட்டுச் சீட்டுக் கணக்கைக் கேட்டாலே "நான் கலைஞன்" என்கிறீர்கள்.

தோட்டத் தொழிலாளருக்கு அடிப்படை நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாய் ஆனது. ஒரு சிறுகதைக்காக நீங்கள் எத்தனை நாள் வேலைக்குப் போகாமல் இருந்தீர்கள் என்று இதை வைத்துப் பெருக்கிப் பார்க்க வேண்டாம். மனைவி பெருக்கிவிட்டார்.

5. பொழுதுபோக்குகள்

எழுத்தாளனுக்குப் பொழுதுபோக்கு கட்டாயம் வேண்டும். எழுதாமலிருக்க ஒரு காரணம் வேண்டுமல்லவா?

இரத்தினபுரிப் பக்கமென்றால் மாணிக்கக் குழியில் ஒரு பங்கு போடலாம். இல்லம் என்கிற சரளைப் படை தட்டுப்படும்வரை தோண்டி, தண்ணீர் இறைத்து, கூடையிலிட்டு அரித்து, நீலம் மின்னுகிறதா என்று வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம். நல்ல சொல்லைத் தேடுவதும் இப்படித்தான் என்று ஒரு கவிதை உங்களுக்குள் எழும்பும். அமுக்கிவிடுங்கள். மாவட்டத்தில் அந்தக் கவிதை தேவைக்கு மேல் கையிருப்பில் இருக்கிறது.

மரவள்ளித் தோட்டம் இன்னொன்று. நடுவது நீங்கள், பிடுங்குவது காட்டுப்பன்றி. காவலுக்கு இரவில் விழித்திருக்கும்போது எழுதலாமே என்று தோன்றும். டோர்ச் வெளிச்சத்தில் இரண்டு வரி எழுதுவதற்குள் பன்றி மறுபக்கத்தில் ஒரு பாத்தியை முடித்திருக்கும்.

விடக்கூடாத பொழுதுபோக்கு ஒன்றுதான்: மாசி மாதத்துக் காமன் கூத்து. வேஷம் கட்டினால் வாரக்கணக்கில் பேனாவைத் தொட முடியாது. ஆனாலும் விடிய விடியத் தப்புச் சத்தத்தில் ரதியும் மன்மதனும் வாதாடுவதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, வசனம் எங்கே நீள்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூட்டம் தேத்தண்ணிக்கு எழும்புகிற இடம்தான் நீண்ட இடம்.

6. பிள்ளைகள்

வீட்டில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை இருந்தால் புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை இலக்கியத்துக்கு லீவு. இருக்கிற ஒரு மேசையும் ஒரு பல்பும் பிள்ளைக்கு. கொப்பியும் பிள்ளைக்குத்தான். உங்கள் கதாநாயகி இரவோடிரவாகத் தோட்டத்தை விட்டு ஓடும் பக்கத்தைத் திருப்பினால், பின்புறத்தில் பிள்ளை 864ஐ 12ஆல் வகுத்திருக்கும். விடை 72 என்று சரியாக வந்திருக்கும். கதையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

காகிதமில்லை, வெளிச்சமில்லை என்று சொல்வதற்குப் பொற்காலம் 2022. அந்த மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. மாதக் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம்வரை நீண்டது. எழுதாதவனுக்காக நாடே சாட்சி சொன்ன வருடம் அது. அதைப் பயன்படுத்தத் தவறியவர்கள் இனிச் சொந்தமாகத்தான் சாக்குத் தேட வேண்டும்.

7. தகரப்பெட்டி

எழுதியதை எங்கே வைப்பது? கட்டிலுக்கடியில் இருக்கும் தகரப்பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். அதில் தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரம் இருக்கிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவரை நாடற்றவராக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 5,25,000 பேர் அந்தக் கரைக்கு, 3,00,000 பேர் இந்தக் கரைக்கு என்று பங்கு போட்டார்கள். மிஞ்சியவர்களுக்கு வழிசெய்த சட்டம் வர 2003 ஆனது. இத்தனைக்கும் பிறகு கைக்கு வந்த தாள் அது. அதன் மேல் உங்கள் நாவலை வைத்து மடிப்பு விழச் செய்தால் மூன்று தலைமுறையும் மன்னிக்காது.

மலைச்சரிவில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு விதி, இதில் விளையாட்டில்லை. 2016 மே 17இல் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது; அதே நேரத்து மழையில் புளத்கொஹுபிட்டியப் பக்கம் களுபஹன தோட்டத்து லயமும் மண்ணுக்குள் போனது. மண்சரிவுக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தால் பிள்ளைகள், வயசானவர்கள், தகரப்பெட்டி, இவ்வளவுதான். கதை மனசில் இருந்தால் கூடவே நடந்து வரும். வராவிட்டால் பெரிய நஷ்டமில்லை.

8. வீட்டுக்காரி

வுல்ஃப் சொன்ன வாக்கியத்தை மறுபடி படித்துப் பாருங்கள். அறை வேண்டும் என்று அவர் கேட்டது பெண்ணுக்கு. முதல் விதியிலேயே அதைச் சத்தமில்லாமல் உங்களுக்கு எடுத்துக்கொண்டோம், நீங்களும் மறுப்புச் சொல்லவில்லை.

கனடாவில் ஆலிஸ் மன்ரோ பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் எழுதினார். சிறுகதை எழுதவும் நேரம் கண்டுபிடித்த இல்லத்தரசி என்று வியந்து 1961இல் ஒரு வன்கூவர் பத்திரிகை தலைப்புப் போட்டது; 2013இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தமிழ்நாட்டில் கவிஞர் சல்மா வீட்டாருக்குத் தெரியாமல் குளியலறையில் ஒளிந்திருந்து எழுதினார். நம் தோட்டங்களில் அந்த வசதியும் இல்லாத பெண்கள் தொட்டிலை ஆட்டிக்கொண்டும் கொழுந்தெடுத்துக்கொண்டும் பாட்டுக் கட்டினார்கள். சி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் தேடித் தொகுத்ததால் அவற்றில் சில அச்சில் இருக்கின்றன. கட்டியவர்களின் பெயர் இல்லை.

உங்கள் வீட்டிலும் அதே கதைதான். நாலரைக்கு எழுந்து ரொட்டி தட்டி, கைப்பிள்ளையைத் தோட்டத்துக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டு, கொழுந்தை மூன்று தடவை நிறுத்துக் கொடுத்து, விறகோடு வந்து அடுப்பு மூட்டிக்கொண்டே, அன்றைக்கு நிறுவையடியில் நடந்ததை அவர் சொல்வார். யார் முகம் எப்படிப் போனது, யார் என்ன வார்த்தை விட்டார், யார் அதற்கு வாய் திறக்கவில்லை என்று எல்லாம் வரிசை பிசகாமல் வரும். அதைத்தான் நீங்கள் மூன்று மாதம் கழித்து, கொஞ்சம் கெடுத்து, சிறுகதை என்று எழுதுகிறீர்கள். எழுதியதைப் படித்துக் காட்டினால் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்:

"ஒங்க கதையில வாறவ மூணு பக்கம் குந்தி அழுவுறாளே, அம்புட்டு நேரமும் அவ அடுப்ப யாரு பாத்தது?"

எந்த விமர்சகரும் இதுவரை உங்கள் எழுத்தில் இவ்வளவு சரியாகக் கைவைத்ததில்லை. பதில் இல்லையென்றால் கதையைத் திரும்ப எழுதுங்கள். பதில் இருந்தால் இன்னும் நல்லது: கொப்பியையும் பேனாவையும் அவரிடம் கொடுத்துவிட்டு அந்த அடுப்பை நீங்கள் பாருங்கள். ரொட்டி கருகும், கருகட்டும். எழுதுவதற்கு நேரம் கிடைப்பதில்லை என்று இனிமேல் புலம்புவதானால், அதே வீட்டில் அவருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிப் புலம்புங்கள்.

பைப்பில் தண்ணீர் ஆறு மணிக்கு நின்றுவிடும். குடம் வாசலில் இருக்கிறது, எழும்புங்கள்.