அமிலத்தின் மேல் போட்ட பொய்க் கேஸ்

அமிலம் இல்லாத வயிற்றில் அல்சர் வராது என்று 1910-ல் ஷ்வார்ட்ஸ் என்ற டாக்டர் எழுதினார். அவ்வளவுதான். ரொட்டியையும் கறியையும் செரித்துக்கொண்டு தன் பாட்டுக்குக் கிடந்த அமிலத்தின் மேல் எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிட்டது. நோயாளியும் உடந்தை: காரம் தின்றார், கவலைப்பட்டார், முதலாளியை மனத்துக்குள் திட்டினார்.

1915-ல் சிகாகோ டாக்டர் பெர்ட்ராம் சிப்பி தண்டனையை அறிவித்தார். மணிக்கொரு தரம் பாலும் க்ரீமும். நடுநடுவே சோடா மாவு, மெக்னீசியா. மீசை வைத்த ஆண்கள் கைக்குழந்தைகளானார்கள். சிலருக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் கெட்டது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. பாலுக்கு மசியாத வயிறுகளைக் கத்தியோடு சந்தித்தார்கள் சர்ஜன்கள்.

1976-ல் பிரிட்டனில் ஜேம்ஸ் பிளாக் குழுவின் சிமெடிடின் என்ற மாத்திரை கடைக்கு வந்தது. அமிலம் ஊறுவதையே அது மட்டுப்படுத்தியது. புண் ஆறும்; மாத்திரையை நிறுத்தினால் பலருக்குத் திரும்பி வரும்; மறுபடி மாத்திரை வாங்க வேண்டும். கடைக்காரருக்கு வேறென்ன வரம் வேண்டும்? பிளாக்குக்கு 1988-ல் நோபலும் கிடைத்தது.

இதற்கிடையே ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள், இரைப்பையில் சுருள் சுருளாக ஒரு கிருமி குடியிருப்பதாகச் சொன்னார்கள். அந்த அமிலத்தில் எந்தக் கிருமி பிழைக்கும் என்று பெரியவர்கள் சிரித்தார்கள். கிருமியும் ஒத்துழைக்கவில்லை, ஆய்வகத் தட்டில் வளர மறுத்தது. 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகளை யாரும் தொடாமல் விட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால், வளர்ந்திருந்தது! லீவு விஞ்ஞானத்துக்குச் செய்த தொண்டு இது.

அப்படியும் பெரியவர்கள் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல், மனைவியிடம் மூச்சுவிடாமல், கிருமிக் கரைசலை மடக்கென்று குடித்தார். சில நாளில் வாந்தி, வாய்நாற்றம். உள்ளே குழாய் விட்டுப் பார்த்தால் இரைப்பை அழற்சி. விஷயம் தெரிந்த மனைவி, ஆராய்ச்சி போதும், மருந்தைச் சாப்பிடு என்று முடித்துவைத்தார். 2005-ல் வாரனுக்கும் மார்ஷலுக்கும் நோபல்.

அமிலம் முழு நிரபராதி அல்ல. வலி மாத்திரைகளும் புண் உண்டாக்கும். ஆனாலும் ஏகப்பட்ட அல்சர்களில் முதல் குற்றவாளி அந்தச் சுருள் கிருமி, ஹெலிகோபேக்டர் பைலோரிதான். அமிலம் குறைக்கும் மாத்திரையோடு ஆன்டிபயாடிக்கும் சேர்த்து, பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அதை வெளியேற்றலாம். ஆகவே வருஷக்கணக்கில் ஜெலுசில் பாட்டிலோடு குடித்தனம் நடத்துபவர்கள், டாக்டரிடம் கிருமி டெஸ்ட் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்களே குடித்துப் பார்க்க வேண்டாம். அதை ஒருவர் ஏற்கெனவே செய்துவிட்டார்.